கேக் டப்பாவில் ஒரு பெனால்டி புள்ளி

பிரேமன்
மே 18

அன்புள்ள வீப்கே அக்கா,

நான் சுகம். இடது முழங்கால் மட்டும் என் பேச்சைக் கேட்காமல் தனிக்குடித்தனம் நடத்துகிறது. உன் தீவு இன்னும் தண்ணீருக்கு மேலேதான் இருக்கிறதா? மொம்மே அத்தானும் நூற்றுப் பத்து ஆடுகளும் சௌக்கியமா?

கிறிஸ்துமஸுக்கு வெண்ணெய் கேக் வைத்து அனுப்பினாயே, அந்தத் தகர டப்பா இந்தக் கடிதத்தோடு வரும். பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பக் கூடாது என்பது அம்மா போட்ட சட்டம். என்ன வைப்பது என்று ஐந்து மாதம் யோசித்தேன். உள்ளே இருப்பது புல். சாதாரணப் புல் இல்லை. நம் ஆற்றங்கரை ஸ்டேடியத்தின் பெனால்டி புள்ளி, கிழக்கு முனை. நடுவில் வெள்ளையாக இருப்பது சுண்ணாம்பு. சர்க்கரைப் பொடி என்று நினைத்து அத்தான் நக்கிவிடப் போகிறார், சொல்லி வை.

ஞாபகம் இருக்கிறதா? எனக்கு ஒன்பது வயது, உனக்குப் பதினைந்து. முதல்முதலாக என்னைக் கூட்டிக்கொண்டு போனாய். நம் ஆள் பந்தை அந்தப் புள்ளியில் வைத்தான். அரங்கமே மூச்சை அடக்கிக்கொண்டு நின்றது. நீ உற்சாகப்படுத்துகிறேன் பேர்வழி என்று இரண்டு விரலை வாயில் விட்டு ஒரு சீழ்க்கை அடித்தாய். அவன் திடுக்கிட்டு உதைத்த பந்து ஆற்றில் விழுந்ததாக இன்றுவரை பேச்சு. அந்தப் பாவம் நம் குடும்பத்தின் மேல் அப்படியே நிற்கிறது. எனக்கோ அந்தச் சீழ்க்கைதான் முதல் சுருதி. அது காதை விட்டுப் போகாததால்தான் பியானோக்களுக்குச் சுருதி சேர்த்து வயிறு வளர்க்கிறேன்.

முடிவெட்டும் ஹின்னெர்க் போன வாரம், "எக்ஹார்ட், திங்கக்கிழமை மொத்தப் புல்லையும் பேத்துட்டுப் புதுசு போடுறாங்களாம்" என்றான். சனிக்கிழமை பருவத்தின் கடைசி ஆட்டம். ஆகவே எப்படியோ கிடைத்தது. எப்படி என்று கேட்காதே. உன் தம்பிக்குச் செல்வாக்கு இருக்கிறது என்று மட்டும் அக்கம்பக்கத்து ஆடுகளிடம் சொல்லிக்கொள்.

உன் சீழ்க்கைக்கு அடிமையான,
எக்ஹார்ட்

~

பிரேமன்
ஜூன் 9

மதிப்பிற்குரிய திரு. எக்ஹார்ட் ப்ளூமே அவர்களுக்கு,

வணக்கம். தாங்கள் நலமென நம்புகிறோம். முழங்காலைப் பற்றித்தான் கவலை. மே 16 அன்று ஆட்டம் முடிந்ததும் தாங்கள் இரண்டாம் முயற்சியில் வேலியைத் தாண்டி, ரொட்டி வெட்டும் கத்தியால் பெனால்டி புள்ளியை முப்பது சென்டிமீட்டர் சதுரமாக அறுத்துத் தகர டப்பாவில் வைத்தது கேமராப் படத்தில் தெளிவாகப் பதிவாகியுள்ளது. பின்னால் கூட்டம் இறங்கி வரும் என்று தாங்கள் இரண்டு முறை திரும்பிப் பார்த்ததும் பதிவாகியுள்ளது. ஒருவரும் வரவில்லை. டப்பாவில் என்ன என்று கேட்ட வாயிற்காவலரிடம் "கேக்" என்றிருக்கிறீர்கள்.

தங்களைக் கண்டுபிடிப்பது கடினமாக இல்லை. வேலியில் தொங்கவிட்டுச் சென்ற கோட்டில் தங்கள் சீசன் டிக்கெட் இருந்தது.

இன்னொன்றையும் தெரிவிக்கக் கடமைப்பட்டுள்ளேன். புல் மாற்றியது ஆட்டத்துக்கு அடுத்த திங்கட்கிழமை அல்ல, முந்தைய திங்கட்கிழமை. தாங்கள் எடுத்துச் சென்றது ஹாலந்திலிருந்து லாரியில் சுருட்டி வந்த, ஐந்து நாள் வயதான புல்.

ஆயுதத்துடன் களத்தில் இறங்கியதற்காக இந்நாட்டின் முதல், இரண்டாம் பிரிவு அரங்கங்கள் அனைத்திலும் தாங்கள் நுழைய இரண்டு ஆண்டுகள் தடை விதிக்கப்படுகிறது. கோட்டை வெளிச் சாளரத்தில் பெற்றுக்கொள்ளலாம்.

மரியாதையுடன்,
உர்சுலா கோர்டெஸ்
அரங்கத் தடைப் பிரிவு

~

ஹாலிக் தீவு
ஜூன் 28

தம்பி எக்ஹார்ட்,

கடல் அமைதி, மனுஷரும் அமைதி. அத்தானுக்குப் பல்வலி, ஆனால் பல்லைவிட வாய்தான் அதிகம் வலிக்கிறது, எங்களுக்கு. உன் முழங்காலுக்கு ஆட்டுக் கொழுப்பு அனுப்பவா?

டப்பா வந்தது. படகுக்காரன் அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வந்தான், போகட்டும். வீட்டு மேட்டின் தென்பக்கம் குழி தோண்டி நட்டிருக்கிறேன். சுற்றி முயல் கம்பி. ஆடுகள் வரிசையாக வந்து பார்த்துவிட்டுப் போகின்றன, அருங்காட்சியகம் மாதிரி. அத்தான் ஒரு இழையைக் கடித்து மென்று பார்த்தார். என்னவோ சொன்னார். அதை விடு.

நேற்று ஒரு கனவு. அந்தச் சதுரத்தில் என் சுண்டுவிரல் அளவு ஆட்கள் பந்து விளையாடுகிறார்கள். சுற்றிலும் கடல்தான் கூட்டம், அலை அலையாக எழுந்து எழுந்து உட்காருகிறது. விழித்தபோது சன்னலுக்கு வெளியே நிஜமாகவே கடல் அப்படித்தான் செய்துகொண்டிருந்தது.

இனி விஷயம். வருகிற மே மாதம் எனக்கு அறுபது. பத்தொன்பது வருஷமாக "அடுத்த வருஷம், அடுத்த வருஷம்" என்று உன்னை ஏய்த்து வந்திருக்கிறேன். இந்த முறை முடிவு பண்ணிவிட்டேன். நம் ஊர் மைதானத்தில் நடக்கும் பருவத்தின் கடைசி வீட்டு ஆட்டத்துக்கு வருகிறேன். கிழக்குப் படிக்கட்டில், உன் இடத்தில், உன் பக்கத்தில் நிற்கணும். எனக்கு வேறு பரிசு எதுவும் வேண்டாம். கேக்கும் வேண்டாம்.

அன்புடன்,
வீப்கே

~

பிரேமன்
ஜூலை 6

மதிப்பிற்குரிய திருமதி கோர்டெஸ் அவர்களுக்கு,

தாங்களும் தங்கள் கோப்புகளும் நலமா? கோட்டைப் பெற்றுக்கொண்டேன். பையில் பாதி தின்ற மீன் ரொட்டி அப்படியே இருந்தது. கழகத்தின் நேர்மைக்குத் தலை வணங்குகிறேன்.

அம்மா, எனக்கு ஐம்பத்து நான்கு வயது. என் வாழ்நாளில் நான் அறுத்த ஒரே பொருள் அந்தப் புல்தான். ரொட்டியைக்கூடக் கடையிலேயே வெட்டித் தந்துவிடுவார்கள். என்னை ஆயுததாரி என்று எழுதியதைப் படித்துக் காண்பித்தபோது ஹின்னெர்க் கத்தரிக்கோலைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தான். எனக்கு ஒரு பக்கக் கிருதா போயிற்று.

தண்டனை நியாயம். ஆனால் ஒரு சங்கடம். கடலுக்கு நடுவில் ஒரு தீவில் எனக்கு ஒரு அக்கா. பத்தொன்பது வருடம் கழித்து மே மாதம் வருகிறாள், ஸ்டேடியத்தில் என் பக்கத்தில் நிற்க. என் காதைப் பிடித்து முதலில் அங்கே கூட்டிப்போனவள் அவள். "உன்னுடையது இல்லாததை வீட்டுக்கு எடுத்து வராதே" என்று அன்றே சொன்னவளும் அவள்தான். அவளிடம் போய், வாசல்வரை வா, உள்ளே நீ மட்டும் போ என்று எப்படிச் சொல்வேன்? அந்த ஒரே ஒரு பிற்பகலுக்கு மட்டும் தடையைத் தளர்த்த முடியுமா? வேண்டுமானால் கையைக் கட்டிக் கூட்டிப் போங்கள். கைதட்ட மாட்டேன், சத்தியம்.

பணிவும் பயமும் கலந்து,
எக்ஹார்ட் ப்ளூமே

~

பிரேமன்
ஆகஸ்ட் 4

மதிப்பிற்குரிய திரு. ப்ளூமே,

வணக்கம். கோப்புகள் நலம். எனக்குச் சற்று ஜலதோஷம்.

ஒரு நாள் தளர்வு என்று ஒன்று விதியில் இல்லை. தடைக் காலத்தைக் குறைப்பது பற்றி மட்டும் ஏப்ரலில் குழு கூடி ஆராயும். அக்குழுவில் புல்லைப் பராமரிக்கும் மைதானக்காரர் திரு. ஹார்ம்ஸின் வார்த்தைக்கு எடை அதிகம். புல் விஷயத்தில் அவருக்கு நகைச்சுவை கிடையாது என்பதைத் தங்கள் நலன் கருதித் தெரிவிக்கிறேன்.

தடை அரங்கத்துக்குத்தான். எதிர்க்கரை எங்கள் அதிகாரத்தில் இல்லை. காற்று சாதகமாக இருந்தால் அங்கே நன்றாகக் கேட்கும் என்று கேள்வி.

மரியாதையுடன்,
உ. கோர்டெஸ்

~

பிரேமன்
ஆகஸ்ட் 24

அன்புள்ள அக்கா,

சுகம், சுகம். ஆட்டுக் கொழுப்பு வேண்டாம். பேருந்தில் என் பக்கத்தில் இப்போதே யாரும் உட்காருவதில்லை.

பருவம் தொடங்கிவிட்டது. நேற்று முதல் வீட்டு ஆட்டம். என்ன சொல்ல! ஆறு எண்ணெய் தடவியதுபோல் வழுவழுவென்று கிடந்தது. பச்சை வெள்ளைக் கொடிகளோடு படகுகள் போயின. ஆட்டம் ஆரம்பித்ததும் சத்தம் எழுந்ததே, கேட்டிருக்க வேண்டும் நீ. முதலில் ஆயிரக்கணக்கான தொண்டை சரிசெய்யும் ஒலி. பிறகு கிழக்குப் பக்கம் ஒரு பாட்டைத் தூக்கும், மேற்குப் பக்கம் அதை வாங்கிக்கொள்ளும், நடுவில் தண்ணீர் அதைக் கொஞ்சம் நனைத்துத் தரும். கோல் விழுந்தால் அடிவயிற்றிலிருந்து வரும். கம்பத்தில் பட்டுத் திரும்பினால் மேலே ஏறி, பாதியில் படி தவறி விழும். கண்ணை மூடிக்கொண்டே மூன்றுக்கு ஒன்று என்று சொல்லிவிட்டேன். சரியாக இருந்தது.

இந்த வருடம் என் இடத்தில் காற்றோட்டம் அதிகம். தலைக்கு மேல் வானம். மேக்பை பறவை ஒன்று பக்கத்தில் உட்கார்ந்து என் ரொட்டியைப் பார்த்துக்கொண்டே இருந்தது.

மே மாதத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது. உன் வயதில் படகுப் பயணம் அவசியமா என்று யோசி.

காற்றோட்டமான,
எக்ஹார்ட்

~

ஹாலிக் தீவு
அக்டோபர் 30

தம்பி,

ஆறு நாள் தபால் படகு இல்லை. தீவு மூழ்கியது. இங்கே இது திருவிழா மாதிரி வருஷாவருஷம் வரும். வீடுகள் நிற்கும் எட்டு மேடுகள் மட்டும் வெளியே, மீதி எல்லாம் கடல். ஆடுகள் கொட்டகையில், நாங்கள் ரம் ஊற்றிய காப்பியோடு மாடியில். எல்லாரும் நலம். நீயும் அப்படியே என்று நினைக்கிறேன்.

உப்புத் தண்ணீர் ஏறுகிறது என்றதும் முதலில் உன் புல்லைத்தான் பேர்த்தெடுத்தேன். அத்தான் கத்தினார்: "ஏன்டி, ஆட்டுக்குட்டிய விட்டுட்டுப் புல்லத் தூக்கிட்டு ஓடுறியே, உனக்குக் கிறுக்கா?" நான் சொன்னேன், "ஆட்டுக்குட்டிக்குக் கால் இருக்கு, நடந்து வரும்." இப்போது அது பழையபடி கேக் டப்பாவில், எங்கள் குளியல் தொட்டிக்குள் இருக்கிறது. பத்து நாளாக எங்களுக்குக் குளியல் இல்லை. மழைத் தண்ணீர் மட்டும் ஊற்றுகிறேன்.

உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன். சத்தத்தைப் பற்றி அழகாக எழுதியிருக்கிறாய். ஆனால் இருபது வருஷமாக உன் கடிதத்தில் ஆட்டத்தைவிட உன் முன்படியில் நிற்கும் தொப்பிக்காரர் பூஸேதான் அதிகம் வருவார். அவர் தொப்பி மறைக்கிறது, அவர் தொப்பியில் புறா எச்சமிட்டது, பக்கத்தில் நிற்கும் கெர்ட்ரூட் முழங்கையால் விலாவில் குத்தினாள். இந்தத் தடவை தொப்பியும் இல்லை, முழங்கையும் இல்லை. பூஸேக்கு உடம்பு சரியில்லையா?

படகுச் சீட்டு வாங்கிவிட்டேன். மே 9. என் வயதைப் பற்றி இன்னொரு முறை எழுதினால் ஆட்டுக் கொழுப்பு பார்சலில் வரும்.

வீப்கே

~

பிரேமன்
டிசம்பர் 7

அன்புள்ள அக்கா,

நலமே. கீரைக்குப் பனி பிடித்துவிட்டது, இனிமேல்தான் அதற்கு ருசி. வாரம் மூன்று நாள் கீரையும் தொத்திறைச்சியும். ஆகவே நானும் பெருத்துவிட்டேன்.

பூஸே நன்றாகத்தான் இருக்க வேண்டும். கெர்ட்ரூடும் அப்படியே.

நேற்று மூடுபனி. இப்படி ஒரு பனியை நான் பார்த்ததில்லை, பார்க்கவும் முடியவில்லை. ஆறு எங்கே முடிகிறது, கரை எங்கே தொடங்குகிறது, ஒன்றும் தெரியவில்லை. நான்கு விளக்குக் கம்பங்களின் வெளிச்சம் மட்டும் மேலே பால் சிந்தினாற்போல. ஸ்டேடியம் நங்கூரத்தை அறுத்துக்கொண்டு, நாற்பதாயிரம் பேரையும் ஏற்றிக்கொண்டு, பாடிக்கொண்டே கடலை நோக்கிப் போவதாக எனக்குத் தோன்றியது. உன் தீவுப் பக்கம் வந்து சேர்ந்தால் கட்டிவைத்து எனக்கு எழுது.

கோல் ஒன்று விழுந்தது. யார் போட்டார்கள் என்று உள்ளே இருந்தவர்களுக்கே தெரியாது என்று வானொலியில் சொன்னார்கள். நேற்று ஒரு நாள் எல்லாரும் சமம்.

ஒன்று சொல்கிறேன், சிரிக்காதே. கிழக்குப் படிக்கட்டுப் பாட்டில் ஒரு ஓட்டை இருந்தது. பியானோவின் எண்பத்தெட்டுக் கட்டையில் ஒரே ஒரு தந்தி அறுந்தால் வீட்டுக்காரர்களுக்குக் கேட்காது, வாசித்துக்கொண்டே இருப்பார்கள். எனக்குக் கேட்கும். நேற்று பாட்டு வரும்போதெல்லாம் அந்த ஓட்டையும் சேர்ந்து வந்தது. அக்கா, உன்னிடம் ஒரு விஷயம்

தபால்காரர் வந்துவிட்டார். மற்றவை பிறகு.

எக்ஹார்ட்

~

பிரேமன்
மார்ச் 15

மதிப்பிற்குரிய திருமதி கோர்டெஸ் அவர்களுக்கு,

ஜலதோஷம் தீர்ந்திருக்கும். எனக்குத் தீராதது வேறு. டிசம்பருக்குப் பிறகு அக்காவிடமிருந்து ஒரு வரி இல்லை. முதல் மாதம் படகைக் குறை சொன்னேன், இரண்டாவது மாதம் கடலை. இப்போது குறை சொல்ல நான் மட்டும்தான் பாக்கி.

ஏப்ரல் குழுவுக்கு என் தரப்பில் ஒரு சாட்சியம். எதிர்க்கரைத் தோட்டங்களின் வேலியோரம் நின்றுதான் நான் ஆட்டம் கேட்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை சும்மா அங்கே போனேன், பழக்கதோஷம். வேலிக்குள் ஒருவர் கீரைப் பாத்தியில் குனிந்திருந்தார். நிமிராமலே பேசினார்.

"நீங்கதானே அந்த ரொட்டிக் கத்தி?"

திரு. ஹார்ம்ஸ்! தோட்டம் அவருடையதாம். ஆறு மாதமாக அவர் வேலியில்தான் சாய்ந்துகொண்டிருந்திருக்கிறேன்.

"ஆமாங்க," என்றேன்.

"கத்தி மொக்கை. ஓரமெல்லாம் பிஞ்சு போயிருந்துச்சு. பியானோவைச் சம்மட்டியால சுருதி சேத்தா நீங்க சும்மா இருப்பீங்களா?"

"இருக்க மாட்டேன்."

"அஞ்சு நாள் பச்சப்புள்ள அது. வேர்கூடப் பிடிக்கல. இப்ப எங்க?"

"கடல்ல... அக்கா வீட்டுல, தீவுல."

அப்போதுதான் நிமிர்ந்தார். என் வீட்டில் யாரோ இறந்ததுபோல் பார்த்தார்.

"உப்புக் காத்துலயா? செத்துப் போயிருக்கும்யா." மறுபடி பாத்திக்குக் குனிந்து, "வேலில சாயாதீங்க, ஆணி ஆடுது" என்றார்.

அம்மா, அவர் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் துக்கப்பட்டார். அதைக் குழுவிடம் சொல்லுங்கள். எனக்குப் புத்தி வந்துவிட்டது என்பதையும் சொல்லுங்கள்.

எக்ஹார்ட் ப்ளூமே

~

பிரேமன்
ஏப்ரல் 14

மதிப்பிற்குரிய திரு. ப்ளூமே,

வணக்கம். குழு கூடியது. தங்கள் கடிதத்தை நானே வாசித்தேன். இரண்டு உறுப்பினர்கள் கைக்குட்டையை எடுத்தார்கள். ஒருவர் சிரித்ததால் என்று பதிவு செய்துள்ளேன்.

திரு. ஹார்ம்ஸ் ஒரே வாக்கியம் சொன்னார்: "ஆள் பரவாயில்ல, புல்லுதான் செத்துப்போச்சு." தடை ஓராண்டு குறைக்கப்பட்டுள்ளது. மே 31 அன்று முடிவடைகிறது.

கடைசி வீட்டு ஆட்டம் மே 9 என்பது எனக்குத் தெரியும். அதற்கு மேல் என் மேசைக்கு அதிகாரமில்லை. வருந்துகிறேன். இந்தச் சொல்லை அலுவலகக் கடிதத்தில் இதுவரை எழுதியதில்லை.

உ. கோர்டெஸ்

~

பிரேமன்
ஏப்ரல் 19

அன்புள்ள அக்கா,

நீ எழுதாவிட்டாலும் நலமாக இருக்கிறாய் என்று எடுத்துக்கொள்கிறேன். எனக்கு எல்லாம் நலம், ஒன்றைத் தவிர.

மே 9 அன்று ஓல்டன்பர்கில் ஒரு இசைப்பள்ளியில் பதினான்கு பியானோக்கள் ஒரே நாளில் சுருதி இறங்கிவிட்டன. தொற்றுநோய் மாதிரி. வேறு தேதி கிடையாதாம். நீ ஜூனில் வாயேன்? ஜூனில் ஆட்டம் இருக்காது, ஆனால் ஆறு இருக்கும். கேக்...

அக்கா, இந்தப் பக்கத்தை மூன்று முறை எழுதினேன். பியானோக்கள் பொய். புல்லை நான் திருடினேன், வேலியில் கோட்டை விட்டுவிட்டு வந்து மாட்டிக்கொண்டேன். என்னை உள்ளே விடுவதில்லை. வருடம் முழுவதும் எதிர்க்கரை வேலியில் நின்றுதான் உனக்கு எழுதினேன். நீ வரும் நாளிலும் நான் வெளியேதான். அந்தப் புல்கூடப் பழைய புல் இல்லை. ஹாலந்துப் புல், ஐந்து நாள் குழந்தை. இப்போது அதுவும் செத்திருக்குமாம்.

வேண்டாம் என்றால் வராதே. நியாயம்தான்.

உன் தம்பி

~

ஹாலிக் தீவு
ஏப்ரல் 25

தம்பி,

அப்பாடா.

9-ஆம் தேதி மதியம் ஒரு மணிக்கு ஸ்டேடியத்துக்கு எதிர்க்கரைப் படகுத்துறையில் நில். கோட்டைப் போட்டுக்கொள், எங்கேயும் கழற்றி வைக்காதே.

வீப்கே

~

ஹாலிக் தீவு
மே 13

அன்புள்ள தம்பிக்கு,

வந்து சேர்ந்தேன். அத்தான் நலம், மூன்று குட்டிகள் அதிகமாகியிருக்கின்றன. அன்றைக்கு ரயிலுக்கு ஓடிய ஓட்டத்தில் உன்னிடம் பாதிகூடச் சொல்லவில்லை. கொஞ்சம் வேண்டுமென்றேதான். பிளாட்பாரத்தில் வைத்துச் சொன்னால் நீ அழுவாய். நீ அழுதால் மூக்கு பெரிசாகும், ஊரே பார்க்கும்.

முதலில் பழைய கணக்கு. அத்தான் போன ஜூனிலேயே இழையைக் கடித்துப் பார்த்து, "இது கைக்குழந்தைடி, பூட்ஸ் காலே படாத புல்லு. உன் தம்பி எங்கேயோ மாட்டிக்கிட்டிருக்கான்" என்று சொல்லிவிட்டார். பூஸேயின் தொப்பி உன் கடிதத்திலிருந்து காணாமல் போனதும் எங்கே மாட்டினாய் என்று எனக்கும் விளங்கிவிட்டது. டிசம்பரில் நீ பாதி வாக்கியத்தில் நிறுத்தினாய். மீதிப் பாதி வரட்டும் என்றுதான் நான் எழுதாமல் இருந்தேன். உன் தபால்காரர் நாலு மாதம் வாசலிலேயே நின்றார் போலிருக்கிறது.

உன்னை வேலியோரம் விட்டுவிட்டுப் படகில் மறுகரை போனேன். வாசலில் ஒரு தடியன் என் கையிலிருந்த டப்பாவைக் காட்டிக் கேட்டான், "இதுல என்னம்மா, கேக்கா?"

"இல்லப்பா, பெனால்டி புள்ளி."

அவன் யாரையோ கூப்பிட, அவர் இன்னொருவரைக் கூப்பிட, கடைசியில் மண் கையோடு ஒருவர் வந்தார். வேலியோரம் நீ சொன்ன ஹார்ம்ஸ் இவர்தான் என்று பார்த்ததும் தெரிந்துவிட்டது. மூடியைத் திறந்தேன். மனுஷன் விரலை வேருக்குள் விட்டுப் பார்த்தார். குனிந்து முகர்ந்தார்.

"உயிரோட இருக்கு," என்றார், என்னிடம் இல்லை, புல்லிடம். அப்புறம், "உப்புக் காத்துல எப்படிம்மா? என்ன போட்டீங்க?"

"ஆடு போட்டுச்சு."

"எங்க வெச்சிருந்தீங்க?"

"குளிக்கிற தொட்டில. நாங்க ரெண்டு பேரும் பத்து நாள் நாறினோம்."

அந்த ஆள் சிரித்தார், எக்ஹார்ட். பின்னால் நின்ற தடியன் திகைத்துப் போனான், அவர் சிரித்துப் பார்த்ததே இல்லை போலும். டப்பாவை அவரே படிக்கட்டு வரைக்கும் தூக்கி வந்து என் கையில் கொடுத்தார். "ஆட்டம் முடிஞ்சதும் குடுங்க, நாத்துப் பாத்தில வெச்சுக்கறேன். தம்பிகிட்ட சொல்லுங்க, ஆகஸ்ட்ல வரலாம். கத்தி வேணாம்."

இனி நான் ரயில் நிலையத்தில் சொல்லாதது.

கிழக்குப் படிக்கட்டில் நிற்க இடமில்லை. தோளோடு தோள், ஊசி விழ வழியில்லை. இந்த நெரிசலில் உன் இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்று தொப்பியைத் தேடினேன். தொப்பி தெரிந்தது. அதற்குப் பின்படியில் ஒரு ஓட்டை. அத்தனை நெரிசலில் உன் வயிற்றின் அகலத்துக்குச் சரியாக ஒரு ஆள் இடம் காலியாகக் கிடந்தது. புதிதாக வந்த ஒரு பையன் அதில் கால் வைக்கப் போனான். ஒரு முழங்கை அவன் விலாவில் பாய்ந்தது. கெர்ட்ரூட் என்று புரிந்துகொண்டேன்.

"அங்க ஆள் இருக்கு," என்றாள்.

"யாரும் இல்லையே!"

"பியானோக்காரர் இருக்காரு. ஆத்துக்கு அந்தப் பக்கம்."

பருவம் முழுக்க இப்படித்தானாம். பதினேழு ஆட்டம். மழைக்கு எல்லாரும் கூரைக்கடியில் ஒதுங்கினபோதும் அந்த ஒரு அடிக்கு யாரும் நகரவில்லையாம். பூஸே தொப்பியைக் கழற்றி, "பின்னால மறைக்குதுன்னு திட்ட ஆளில்லாம ஆட்டமே ருசிக்கலீங்க" என்றார். மூடுபனியில் உனக்குக் கேட்ட ஓட்டை இதுதான் தம்பி. உன் காது பொய் சொல்லவில்லை. நீதான் தவறாகப் புரிந்துகொண்டாய். அறுந்த தந்தி இல்லை அது. உனக்காகப் பிடித்துவைத்த இடம்.

கெர்ட்ரூட் எனக்கு வழிவிட்டு, "நீங்க அக்காதானே, நில்லுங்க" என்றாள். நான் நிற்கவில்லை. அங்கே டப்பாவை வைத்து மூடியைத் திறந்துவிட்டேன். புல்லும் கொஞ்சம் ஆட்டம் பார்க்கட்டும். பக்கத்துப் படியில் ஒண்டிக்கொண்டு நான் நின்றேன். உன் பக்கத்தில் நிற்கணும் என்று எழுதியிருந்தேன் அல்லவா? நின்றேன்.

எண்பதாவது நிமிஷம் எதிரணிக்கு ஒரு பெனால்டி. நம் முனையில், அதே இடத்தில். அரங்கம் மூச்சை அடக்கியது. நாற்பத்தைந்து வருஷப் பாவத்தைக் கழுவ இதைவிட வேளை ஏது என்று இரண்டு விரலையும் வாயில் விட்டு அடித்தேன் பார். பூஸேயின் தொப்பியே பறந்தது. அந்தப் பயல் தலையைக்கூடத் திருப்பவில்லை. நிதானமாக ஓடி வந்து மூலையில் போட்டுவிட்டான். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எதற்கும் பயமில்லை.

புல் இப்போது ஹார்ம்ஸிடம். டப்பா பூஸேயிடம், ஆகஸ்ட் வரை உன் இடத்துக்கு அதுதான் காவல். வாங்கிக்கொண்டு எனக்கு அனுப்பு. வெறுமையாக அனுப்பாதே. எதையும் அறுக்கவும் அறுக்காதே.

என் சீழ்க்கை அக்கரைக்குக் கேட்டதா?

உன் அக்கா,
வீப்கே

~

பிரேமன்
மே 17

அக்கா,

கேட்டது. அரை சுருதி இறங்கியிருந்தது. அதனால்தான் அவன் போட்டுவிட்டான்.

மூக்கு பெரிசாகிவிட்டது. நல்லவேளை, வீட்டில் யாருமில்லை.

எக்ஹார்ட்